இறுக்கினால் மட்டும் போதாது: பெண்களின் இடுப்புத்தளத் தசைகளைப் புரிந்துகொள்ள

"கீழ்ப்பக்கத் தசையை உள்ளே இழுத்துப் பிடியுங்கள்" என்று சொன்னதும் நிறையப் பெண்கள் செய்வது அதற்கு நேர் எதிரானது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை உப்பவைத்து, மலம் கழிக்க முக்குவதுபோலக் கீழே தள்ளுகிறார்கள். அங்கே ஏதோ இறுகுகிறது என்றுதான் செய்கிறவருக்குத் தோன்றும், அதனால் தவறு தெரிவதில்லை. 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு, இடுப்புத்தளத் தசையை இறுக்கி உயர்த்தி விடும் கெகல் பயிற்சியைச் சுருக்கமாக வாயால் விளக்கி, செய்யச் சொல்லி, அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நால்வரில் ஒருவர் செய்த விதமோ சிறுநீர்க் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. ஆகவே "மாதக்கணக்கில் கெகல் செய்தேன், பலனே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவருடைய தசை மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இடுப்புத்தளம் ஒரே தசை அல்ல. அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, பக்கவாட்டில் உட்காரும்போது அழுத்துகிற எலும்புகள் வரை, தூளி கட்டியதுபோல விரிந்திருக்கும் பல தசைகளின் தொகுப்பு அது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்குகிறது. சிறுநீர்த்தாரையும் யோனியும் ஆசனவாயும் அதன் ஊடாகத்தான் வெளியே திறக்கின்றன. நாம் மூச்சை இழுக்கும்போது சற்றுக் கீழிறங்கும், விடும்போது மேலெழும். இருமினால் அனிச்சையாக இறுக வேண்டும். சிறுநீர், மலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் முழுதாகத் தளர வேண்டும். இந்தத் தளர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இடுப்புத்தளம் என்றாலே "பலவீனம்", சிகிச்சை என்றாலே "இறுக்கு" என்று ஆகிவிட்டது. இறுகியே கிடக்கும் தசைக்கு மேலும் இறுக்கப் பயிற்சி கொடுத்தால் வலிதான் கூடும்.

கசிவிலும் இரண்டு வகை உண்டு. இருமல், தும்மல், சிரிப்பு, குதித்தல், பாரம் தூக்குதல் ஆகியவற்றின்போது சொட்டினால் அது அழுத்தக் கசிவு. வீட்டுக் கதவில் சாவியைப் போடும் நேரத்தில், குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், அடக்க முடியாத அவசரம் வந்து கழிப்பறைக்குப் போவதற்குள் நனைந்துவிட்டால் அது அவசரக் கசிவு. முதலாவதில் மூடும் தசையும் தாங்கும் திசுக்களும் தளர்ந்திருக்கின்றன. இரண்டாவதில் சிறுநீர்ப்பை நிரம்புவதற்கு முன்பே சுருங்கப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. எது முதலில் வந்தது, எது அதிகம் தொல்லை தருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்ப்பது

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். கால்களுக்கு நடுவே ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளலாம். சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூச்சு வெளியேறும் நேரத்தில், வாயு பிரியாமல் அடக்குவதுபோல முதலில் ஆசனவாயை மூடுங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்னோக்கி, சிறுநீர்த் துளை வரை கொண்டுவந்து, எல்லாவற்றையும் சேர்த்து உடலுக்குள் மேல்நோக்கி உயர்த்துங்கள். சரியாக நடந்தால் ஆசனவாய் சுருங்கி உள்வாங்கும். யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் உள்ளே போகும். முன்னால் கிளிட்டோரிஸ் லேசாகக் கீழே சாயும். அந்தத் தோல் பகுதி வெளியே புடைத்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள், உயர்த்தவில்லை.

பிட்டம் கெட்டிப்படக் கூடாது, தொடைகள் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கிறோமோ என்று சந்தேகம் வந்தால் சத்தமாக ஒன்று, இரண்டு எண்ணிப் பாருங்கள். பேச முடிந்தால் மூச்சு ஓடுகிறது. கண்ணாடியில் தெளிவாகத் தெரியாவிட்டால், கழுவிய விரல் ஒன்றை யோனிக்குள் சுமார் இரண்டு கணு அளவு வைத்துப் பார்க்கலாம். விரலைச் சுற்றி நெருக்கமும் மேலே இழுக்கும் உணர்வும் சேர்ந்து தெரிய வேண்டும்.

அதன்பிறகு விடுங்கள். விடும்போது தசை கீழிறங்குவது உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இரண்டில் ஒன்று: தசை சோர்ந்து முன்பே நழுவிவிட்டது, அல்லது அது தளரவே இல்லை. இந்த இரண்டையும் வீட்டில் பிரித்தறிவது கடினம். இந்த இடத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது மாதக்கணக்கான வீண் முயற்சியை மிச்சப்படுத்தும்.

சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தத் தசை என்று அடையாளம் காண எப்போதாவது ஒருமுறை செய்து பார்க்கலாம். அதையே பயிற்சியாகச் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம், சிறுநீர்த் தொற்றுக்கும் அது வழி செய்யும்.

எவ்வளவு, எத்தனை முறை

எல்லோருக்கும் பத்து நொடி என்று தொடங்குவது தவறு. இறுக்கி உயர்த்திப் பிடித்து, அது நழுவும்வரை எண்ணுங்கள். நான்கு நொடியில் நழுவினால் உங்கள் தொடக்கம் நான்கு நொடி. நான்கு நொடி பிடித்தால் குறைந்தது நான்கு நொடி முழுதாக விட வேண்டும். இப்படி எட்டு முதல் பத்து முறை. ஐந்தாவது முறையிலேயே பிட்டம் உதவிக்கு வர ஆரம்பித்தால் ஐந்தோடு நிறுத்துங்கள், அடுத்த வாரம் ஆறு. அதைத் தொடர்ந்து, சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதாக எட்டு முதல் பத்து. நீண்ட பிடிப்பு நாள் முழுவதும் தாங்கும் மெதுவான இழைகளுக்கு, விரைவுப் பிடிப்பு தும்மலுக்கு ஈடுகொடுக்கும் வேகமான இழைகளுக்கு. தசைக்கு இரண்டும் வேண்டும். நாளுக்கு மூன்று முறை செய்து, பிடிக்கும் நேரத்தை மெல்லக் கூட்டிப் பத்து நொடிக்குக் கொண்டுவரலாம். படுத்துச் செய்வது எளிதானதும் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே. கசிவது பெரும்பாலும் நிற்கும்போதுதான், ஆகவே படுத்த நிலையிலேயே பயிற்சியை முடித்துக்கொள்வதில் பயன் குறைவு.

குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று மதிப்பிட வேண்டும். மூன்று வாரத்தில் விட்டுவிடுகிறவர்களே அதிகம், பலன் தெரியத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக.

இதோடு ஒரு சிறு பழக்கம். இருமல் வருவது தெரிந்ததும், அதற்கு ஒரு கணம் முன்பே தசையை இறுக்கிப் பிடித்து, இருமி முடித்தபின் விடுங்கள். தும்மலுக்கும், குழந்தையைத் தூக்குவதற்கும், நாற்காலியிலிருந்து எழுவதற்கும் அப்படியே. தசை வலுவடையும் முன்பே, நேரம் தவறாமல் இறுக்குவதாலேயே கசிவு குறைவது பலருக்கு நடக்கிறது. அழுத்தக் கசிவுக்குச் சிகிச்சை தரும் நாங்கள் முதலில் கற்றுத்தருவது இதைத்தான்.

இறுகிப்போன தசை

உடலுறவின்போது நுழைவிலேயே வலி, மாதவிடாயின்போது யோனிக்குள் வைக்கும் பஞ்சான டாம்பானை வைக்க முடியாமை, மருத்துவப் பரிசோதனையே தாங்க முடியாமை, சிறுநீர் வரக் காத்திருக்க வேண்டியிருத்தல், விட்டுவிட்டு வருதல், மலம் மென்மையாக இருந்தும் வெளியேறத் தயங்குதல், வால் எலும்பைச் சுற்றி விடாத வலி: இவை தசை தளராமல் இருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். இதோடு கசிவும் இருக்கக்கூடும், ஏனென்றால் எப்போதும் இறுகிக்கிடக்கும் தசைக்குத் தேவையான நேரத்தில் மேலும் இறுக இடமில்லை. இவர்கள் கெகலை நிறுத்திவைக்க வேண்டும்.

தொடங்க வேண்டியது மூச்சிலிருந்து. படுத்து, முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைத்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெல்ல இழுக்கும்போது வயிறும் விலாவும் விரியட்டும், அதே நேரத்தில் உட்காரும் எலும்புகள் இரண்டும் விலகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சை விடும்போது எதையும் இறுக்க வேண்டாம். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இரண்டு முழங்கால்களையும் மார்புக்கு அருகே அணைத்துப் படுப்பதும், முழந்தாளிட்டு முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பதும் தளர்வுக்கு உதவும். வலி தொடர்ந்தால் பிசியோதெரபி, யோனிக்குள் வைத்துத் தசையைத் தளரப் பழக்கும், படிப்படியாக அளவு கூடும் டைலேட்டர்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசனை என்று வழிகள் இருக்கின்றன. "போகப் போகச் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்" என்று இந்தப் பெண்களிடம் சொல்லப்படுவது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் தசை இன்னும் இறுகவே கற்றுக்கொள்கிறது.

கழிப்பறைப் பழக்கங்கள்

அவசரக் கசிவு உள்ளவர்கள் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்: என்ன குடித்தீர்கள், எவ்வளவு, எப்போது, சிறுநீர் எத்தனை மில்லி, எப்போது கசிந்தது. ஓர் அளவுக் குவளை போதும். பகலில் எட்டு முறை வரை, இரவில் ஒருமுறை வரை எழுவது பொதுவாக இயல்பு. நன்கு நிரம்பிய சிறுநீர்ப்பையிலிருந்து 300 மில்லியோ அதற்கு மேலோ வரும். எப்போதும் 100 மில்லியிலேயே ஓட வேண்டியிருந்தால் சிறுநீர்ப்பை சிறிய அளவுக்குப் பழகியிருக்கலாம். வெளியே கிளம்பும் முன் "எதற்கும் ஒருமுறை" என்று தேவையில்லாமல் போவது இந்தப் பழக்கத்தை வளர்க்கும்.

அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஐந்தாறு முறை விரைவாக இறுக்கி விடுங்கள், அது சிறுநீர்ப்பையை அடங்கச் செய்யும். அலை தணிந்ததும் மெல்ல நடந்து போங்கள். இரண்டு முறை போவதற்கு இடையிலான நேரத்தை வாரத்துக்கு 15 நிமிடம் என்று நீட்டிக்கொண்டே போகலாம். இதற்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள்.

கசியும் பயத்தில் தண்ணீரையே குறைப்பவர்கள் பலர். சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலமும் கட்டும். வேறு மருத்துவக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் திரவம் சரியான அளவு. காபி, தேநீர், கோலாவில் உள்ள கஃபீனைக் குறைத்துப் பாருங்கள். பொதுக் கழிப்பறையில் இருக்கையில் படாமல் அந்தரத்தில் நின்று கழித்தால் தசை முழுதாகத் தளராது, சிறுநீர் மிச்சமிருக்கும். இருக்கையைத் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

மலம் கழிக்க முக்குவது இடுப்புத்தளத்துக்குத் தினசரிச் சுமை. கமோடில் உட்காருகிறவர்கள் பாதங்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர முக்காலி வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக இருக்க, முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள். வாயைத் திறந்து மூச்சை விட்டபடி வயிற்றை அகலமாக விரியவிடுங்கள். யோனிக்குள் விரலால் பின்பக்கம் அழுத்தினால்தான் மலம் வெளியேறுகிறது என்று இருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மலக்குடல் யோனிப் பக்கம் புடைத்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம், வெட்கத்தால் பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது.

பிரசவம், மாதவிடாய் நிற்றல், இறக்கம்

சுகப்பிரசவத்தில் இந்தத் தசையின் நடுப்பகுதி தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டியிருக்கும். குழந்தையை வெளியே எடுக்க ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியைப் பயன்படுத்தினால் தசை எலும்பிலிருந்து பிய்ந்துபோகும் வாய்ப்பு கூடும். சிசேரியன் ஆபத்தைக் குறைக்கும், முழுப் பாதுகாப்பு தராது, ஏனென்றால் கர்ப்பகாலப் பாரமே ஒரு காரணம். கர்ப்பத்தின்போதே பயிற்சியைத் தொடங்குவது நல்லது. முதல் பிரசவமாக இருந்தால் 35-ஆவது வாரம் முதல் வாரத்தில் ஓரிரு முறை, யோனியின் கீழ் விளிம்பை விரலால் மெல்ல நீட்டி மசாஜ் செய்வது, தையல் போடவேண்டிய கிழிசலைக் குறைக்கும். பிரசவத்துக்குப் பின், சிறுநீர் வெளியேற வைத்திருந்த குழாயை எடுத்துத் தானாகச் சிறுநீர் போனதும், வலி அனுமதிக்கும் அளவுக்கு மெல்லிய இறுக்கங்களைத் தொடங்கலாம். ஓட்டம், குதித்தல் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருந்தால், கசிவு இல்லாவிட்டாலும் ஒருமுறை முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து யோனித் திசு மெலிந்து வறளும். எரிச்சல், அவசரம், அடிக்கடி தொற்று எல்லாம் அதனால் வரலாம். மருத்துவர் பரிந்துரைக்கும் யோனி ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதற்கு நல்ல பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கீழே ஏதோ இறங்குவதுபோன்ற பாரம், மாலையில் கூடிக் காலையில் குறைவது, குளிக்கும்போது கையில் ஒரு புடைப்பு தட்டுப்படுவது: இவை உறுப்பிறக்கத்தின், அதாவது உள்ளுறுப்புகள் யோனிக்குள் சரிந்து இறங்குவதன், அடையாளங்கள். பார்த்ததும் பயந்துவிடுவார்கள், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. லேசான இறக்கத்தில் பயிற்சி பாரத்தைக் குறைக்கும். அடுத்தது பெஸ்ஸரி, யோனிக்குள் பொருத்தும் சிலிக்கோன் வளையம். சரியான அளவு கிடைக்க இரண்டு மூன்று வளையங்களை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கலாம். பொருத்திய பின் உட்கார்ந்து, நடந்து, இருமி, சிறுநீர் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். தொல்லை நீடித்தால் அறுவை சிகிச்சை உண்டு. உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கசிவு குறையும். நாள்பட்ட இருமலைக் குணப்படுத்துவதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான்.

சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, சிறுநீர் கழிக்கவே முடியாமை, காய்ச்சலோடு எரிச்சல் ஆகியவை இருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். முதுகுவலியோடு தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் திடீரென மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், நரம்பு நசுங்கியிருக்கலாம்.

மற்றபடி ஆலோசனைக்குப் போகும்போது மூன்று நாள் குறிப்பு, தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பிரசவங்களின் விவரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சிறுநீரை அதிகப்படுத்தும் என்பதால் அந்தப் பட்டியல் முக்கியம். உள்பரிசோதனை உங்கள் சம்மதத்தோடு மட்டுமே நடக்க வேண்டும். கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம். அன்றைக்கு வேண்டாம் என்றாலும், பேசியும் குறிப்பைப் பார்த்தும் வெளியிலிருந்து சோதித்தும் சிகிச்சையைத் தொடங்க முடியும்.