பனிமூட்டத்தில் பைக்: வேகம், வெளிச்சம், வைக்கோல்

மார்கழி, தை மாதங்களில் என் ஒர்க்‌ஷாப்புக்கு அடிபட்டு வரும் பைக்குகளில் பெரும்பாலானவை விடிகாலையில் விழுந்தவை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போனவர், பால் ஊற்றப் போனவர், ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஓசூர் கம்பெனிக்கு முதல் ஷிப்ட் போன பையன். எல்லோரும் பிழைப்புக்காகக் கிளம்பியவர்கள். இவர்களிடம் பனியில் வண்டி எடுக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. எப்படி ஓட்டுவது என்றுதான் சொல்ல வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே நிற்கும் லாரி கண்ணில் பட்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே அந்த ஒரு நொடி போய்விடும். 20 மீட்டர் தூரம்தான் தெரிகிறது என்றால் அதற்கப்புறம் நிறுத்த இடம் ஏது? அதே இடத்தில் 30-க்குள் வந்தால், பிரேக் ஒழுங்காக இருக்கிற வண்டி ஈரத் தாரிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். பனியில் வேகத்துக்கு இது ஒன்றுதான் கணக்கு.

லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பின்னால் நான்கு கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) தக்காளி ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கும். டிம்மில் வைத்தாலும் வெளிச்சம் மேலே போகும். லோடு ஏற்றி, ஆளும் உட்கார்ந்து, இருட்டில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் ஹெட்லைட் உயரத்துக்கு மேல் அடித்தால் லைட்டை இறக்கி வைக்க வேண்டும். எந்த மெக்கானிக்கும் சில நிமிடங்களில் செய்து தருவார். 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பைக்குகளில் ஹெட்லைட் தானாக எரியும். பழைய வண்டியில் நாம்தான் போட வேண்டும்.

அதே கிரேடும் சாக்குமூட்டையும் டெயில் லைட்டையும் இண்டிகேட்டரையும் மறைத்துவிடுகின்றன. பின்னால் வருகிறவருக்கு அங்கே ஒரு வண்டி போவதே தெரியாது. கிரேடின் பின்பக்கத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். செலவு மிகக் குறைவு.

அடுத்தது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடிக்கடி பார்க்கிற ஆபத்து. அறுவடை முடிந்ததும் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்க விடுகிறோம். களம் இல்லாத சிறு விவசாயியின் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் இரவெல்லாம் பனி குடித்த தாள் மேல் பைக் டயருக்குப் பிடிப்பே இருக்காது. அதன் மேல் ஏறிய பிறகு பிரேக் பிடித்தால் சக்கரம் அப்படியே வழுக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் கடந்து போங்கள். தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, செயினிலும் சக்கரத்திலும் தாள் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வெயில் ஏறித் தாள் காய்ந்துவிட்டால் சூடான சைலன்சரில் பட்டுப் பற்றிக்கொள்ளவும் கூடும். சாலையில் பரப்புகிறவர்கள் வளைவிலும் இறக்கத்திலுமாவது தயவுசெய்து போடாதீர்கள். இருட்டுவதற்குள் அள்ளிவிடுங்கள்.

தருமபுரி - சேலம் சாலையில் தொப்பூர் மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். லாரிக்கு நேர் முன்னாலும் ஓட்ட வேண்டாம். லோடு லாரியின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிற இடம் அது.

மஃப்ளரை மட்டும் சுற்றிக்கொண்டு ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துப் போவது வேண்டாம். மூச்சுக்காற்றில் ஹெல்மெட் கண்ணாடி மங்கினால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். மஃப்ளர் முனையை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். கையுறையும் போடுங்கள், விறைத்த விரல் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் தார்ச்சாலையை விட்டு முழுதாகக் கீழே இறக்கிவிட்டு, நீங்களும் தள்ளி நின்றுகொண்டு போன் செய்யுங்கள். வண்டிக்குப் பின்னால் குனிந்து செயினைப் பார்ப்பது பனி விலகிய பிறகு போதும்.