டைரின்னா நினைவுக்குறிப்பு இல்லைங்க, நாட்குறிப்பு

போன வாட்டி ஈரோடு புத்தகத் திருவிழாவுல ஒரு கடையில புஸ்தகம் ஒன்ன எடுத்துப் பாத்தேன், யுத்த காலத்துல ஒருத்தர் எழுதுன டைரியோட தமிழாக்கம், அட்டையில பெருசா "நினைவுக்குறிப்புகள்"னு போட்டிருக்குது, உள்ள பொரட்டுனா பக்கத்துக்குப் பக்கம் தேதி, கிழமை. கடையில நின்ன தம்பிகிட்ட "இது டைரிதானே தம்பி, அட்டையில ஏன் இப்படி?"ன்னு கேட்டா "ரெண்டும் ஒன்னுதானுங்கண்ணா"ங்கறாரு. அப்பறம் கோபியில ஒரு வாசகர் கூட்டம், வந்தவரு டைரி இலக்கியத்தப் பத்தி முக்கா மணி நேரம் நல்லாவே பேசுனாரு, ஆனா வாய்க்கு வாய் நினைவுக்குறிப்புத்தான். போன வாரம் ஒரு நாவலோட பின்னட்டையில மறுபடியும் அதே, "நினைவுக்குறிப்பு வடிவில் எழுதப்பட்ட நாவல்"னு. ரெண்டும் ஒன்னில்லைங்க.

மொதல்ல சொல் எங்கிருந்து வந்துதுன்னு சுருக்கமா சொல்லிர்றேன். டைரிங்கறது லத்தீன்ல "டியேஸ்", அதாவது நாள்ங்கற சொல்லுல இருந்து வந்தது. ஜர்னல்ங்கறதும் அதே வம்சந்தான், பிரெஞ்சுல "ஜூர்"னா நாள். சீனத்துல, ஜப்பான்ல டைரிக்கு எழுதற ரெண்டு எழுத்துல மொத எழுத்து நாள், ரெண்டாவது பதிவு. ஆக எந்தப் பக்கம் போனாலும் நாள்தான் நிக்குது, நினைவு எங்கயுமே இல்ல.

லத்தீன்ல அந்த "டியாரியம்"ங்கற சொல்லுக்கு மொதல்ல இருந்த அர்த்தம், ஆளுக்கு ஒரு நாளைக்கு அளந்து குடுக்கற சாப்பாடு, கூலி. நம்ம ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல இருந்து 1761 வரைக்கும் புதுச்சேரியில எழுதுன டைரிக்கு வழங்கற பேரு "தினப்படி சேதிக்குறிப்பு". அங்க தினப்படின்னா அன்னன்னைக்கு. இன்னைக்கு கவர்மென்ட் ஆபீசுல தினப்படின்னா என்ன? வெளியூர் போனா ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு குடுக்கற காசு. ரெண்டு மொழியிலயும் ஒரே சொல்லுல நாள் கணக்கும் நாள் கூலியும் வந்து உக்காந்திருக்குது, இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வல்ல.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். நினைவுங்கறது நடந்து முடிஞ்சதுக்கு அப்பறம் வர்றது. நம்மூர்ல பிளெக்ஸ் வெக்கறாங்களே, "முதலாம் ஆண்டு நினைவஞ்சலி"ன்னு, நினைவு நாள், நினைவுத் தூண், எல்லாமே முடிஞ்சு போனதுக்குத்தான். சுதந்திரப் போராட்டத்துல இருந்த கோவை அய்யாமுத்து தன் வாழ்க்கைய எழுதி "எனது நினைவுகள்"னு பேர் வெச்சாரு, அது ரொம்பச் சரி, வயசான காலத்துல திரும்பிப் பாத்து எழுதுனது. பிரெஞ்சுல இருந்து வந்த மெமாயர்ங்கற சொல்லுக்கும் நினைவுன்னுதான் அர்த்தம், அதுக்கு நினைவுக்குறிப்புன்னு தமிழ்ல ஒரு நல்ல சொல் இருக்குது, இருக்கட்டும். அத எடுத்து டைரிக்கும் ஒட்டிட்டா மெமாயருக்கு எங்க போறதுங்க?

எங்க அப்பாரு வருசா வருசம் உரக்கடையில குடுக்கற டைரியில எழுதுவாரு. கீழ்பவானி வாய்க்கா பாசனம் எங்களுக்கு, அதுவும் கடைமடை. ஒரு வருசத்து டைரியில இப்படி இருக்குது: "தண்ணி தொறந்து எட்டு நாளாச்சு. நம்ம மடைக்கு வல்ல. நாத்து காயுது." அடுத்த நாள் பக்கத்துல "வல்ல". அதுக்கடுத்த நாளும் "வல்ல", வேற ஒரு எழுத்துக் கூட இல்ல. நாலாவது நாள் "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துது. வெடிய வெடிய பாச்சுனோம்." அதே வருசத்தப் பத்தி பின்னால அவருகிட்ட கேட்டப்ப என்ன சொன்னாரு தெரியுங்களா, "அந்த வருசம் தண்ணி கொஞ்சம் லேட்டு, மத்தபடி நல்ல வெள்ளாம"ன்னாரு. பொய் சொல்லலைங்க, வெள்ளாம நல்லபடியா வீடு வந்து சேந்ததும் அந்த மூனு நாளு அவரு மனசுல சின்னதாயிருச்சு. டைரியில அந்த மூனு நாளும் அப்படியே காஞ்சு கெடக்குது. அவரு வாயால சொன்னது நினைவு, அந்த ஒத்தைச் சொல்லு "வல்ல" இருக்குதே, அது நாட்குறிப்பு. நாளைக்குத் தண்ணி வருமா வராதான்னு தெரியாத ஆளு எழுதுனது.

டைரி படிக்கறதுல இருக்கற மொத்த வேதனையும் ருசியும் அந்தத் தெரியாததுலதான் இருக்குது. நாஜிகளுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்த யூதப் புள்ள ஆன் ஃபிராங்க் கடைசியா எழுதுனது 1944 ஆகஸ்ட் 1, அவங்க பிடிபட்டது ஆகஸ்ட் 4. அந்தக் கடைசிப் பக்கத்தப் படிக்கறப்ப நமக்குத் தெரியுது, அந்தப் புள்ளைக்குத் தெரியாது. ஆனந்தரங்கப் பிள்ளையும் அப்படித்தான், பிரெஞ்சு கவர்னர் டூப்ளேகிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்த்துச் சொல்ற ஆளா இருந்துட்டு கப்பல் வந்துது, சரக்கு எறங்குச்சு, துரை இன்னது சொன்னாருன்னு அன்னன்னைக்குக் கண்டது கேட்டத எழுதி வெச்சுட்டுப் போறாரு, அவரு கண்ண மூடுன அதே 1761 ஜனவரியிலதான் புதுச்சேரி இங்கிலீஷ்காரங்க கைக்குப் போச்சு. அட்டையிலயே "நினைவு"ன்னு போட்டுட்டா எல்லாம் முடிஞ்சப்பறம் உக்காந்து எழுதுன கதையாட்ட ஆயிருது.

இதுக்கு ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணுனாரு, ஆன் ஃபிராங்க்கே தன் டைரியத் திருத்தி எழுதுனாளே, அப்ப அது நினைவுதானேன்னு. நியாயமான கேள்விதான். 1944 மார்ச் கடைசியில லண்டன்ல இருந்து வந்த டச்சு ரேடியோவுல ஒரு மந்திரி, சனங்களோட டைரி, லெட்டர் எல்லாம் யுத்தத்துக்கு அப்பறம் சேத்து வெக்கணும்னு பேசுனாரு, அதக் கேட்டுட்டு அந்தப் புள்ள பழைய பக்கங்கள எடுத்து மறுபடியும் எழுத ஆரம்பிச்சுது. ஆனா தேதிய விட்டாளா? இல்லையே. இன்ன நாள்ங்கறத விடாமத்தான் திருத்துனா. அவளுக்கே அது தேதி போட்ட எழுத்துன்னு தெரிஞ்சிருக்குது, மொழிபெயர்க்கறவங்களுக்குத்தான் தெரியல.

கதைக்கு வந்தா இன்னும் மோசம். ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1835ல வெளியிட்ட பைத்தியக்காரன் டைரிக் கதையில, போகப் போக அந்த ஆளுக்குப் புத்தி பெசகறது தேதியிலயே தெரியும், திடீர்னு 2000ஆம் வருசம் ஏப்ரல் 43ஆம் தேதின்னு எழுதுவான். கதையே அந்தத் தேதியிலதான் நிக்குது, அத நினைவுக்குறிப்புன்னு சொன்னா உயிரே போயிருது. ரத்தக்காட்டேரி நாவல் டிராகுலா 1897ல வந்தது, அது பெரும்பாலும் டைரியும் கடிதாசியுமாத்தான் போகும். டிராகுலாவோட கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டவன் இன்னைக்கு எழுதறான், நாளைக்கு எழுத இருப்பானான்னு நமக்குப் பயம். நினைவுன்னு சொன்ன ஒடனே ஆளு பொழச்சு வந்துட்டான்னு தெரிஞ்சு போகுது, அப்பறம் என்ன பயம்? அந்தப் பின்னட்டை எழுதுனவரு உள்ள பத்துப் பக்கம் படிச்சிருந்தாக்கூட அப்படி எழுதியிருக்க மாட்டாரு.

இன்னொரு கூட்டம் "நாளேடு"ங்குது. ஏடுன்னா எழுதறதுதானே, நாள் ஏடு சரிதானேன்னு. சொல்லா பாத்தா அழகாத்தான் இருக்குது, ஆனா அந்த எடத்துல பேப்பர்காரங்க வந்து உக்காந்து ரொம்ப வருசமாச்சு, இன்னைக்கு நாளேடுன்னா காலையில வாசல்ல வந்து விழறது. தினசரியும் அப்படித்தான் பேப்பருக்குப் போயிருச்சு. தனித்தமிழ்னு பாத்துச் சொல்றவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, தினத்த விட எனக்கும் நாள்தான் புடிக்கும், ஆனா படிக்கறவனுக்கு வேற பொருள் தோணுச்சுன்னா அது எவ்வளவு சுத்தமான தமிழா இருந்தும் பிரயோசனமில்ல. "டைரிக் குறிப்பு" பேச்சுக்கு வெச்சுக்கலாம், அட்டைக்கு வேண்டாம். "நாட்குறிப்பேடு" சரியான சொல், ஆனா அது உரக்கடையில குடுக்கற அந்த நோட்டு, அதுல எழுதுனது நாட்குறிப்பு. அச்சுல வந்த புஸ்தகத்துக்கு நாட்குறிப்புகள்னு போட்டாப் போதும்.

குறிப்புங்கற சொல்லையும் லேசா நெனைக்காதீங்க. எழுதி வெக்கறது மட்டுமில்ல, மனசுக்குள்ள இருக்கறதும் குறிப்புதான், திருக்குறள்ல 71ஆவது அதிகாரமும் 110ஆவது அதிகாரமும் ரெண்டுமே குறிப்பறிதல், வாய் விட்டுச் சொல்லாதத மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கறது. டைரி படிக்கறவன் செய்யறதும் அதேதான். எங்க அப்பாரோட "வல்ல"வுல அவரு பயம் எழுதாமயே இருக்குது. இப்படி ஒரு சொல்ல கையில வெச்சுக்கிட்டு இந்த மொழிபெயர்ப்பாளருங்க ஏன் அக்கட்ட இக்கட்ட தேடறாங்கன்னு எனக்குப் புரியல, இங்கிலீஷ் வாக்கியத்தப் பாத்து வேகவேகமா தமிழ்ல எறக்கறாங்க, பதிப்பகத்துல படிச்சுப் பாக்க ஒரு ஆளு இல்ல, பேரு தப்புன்னு சொன்னா அடுத்த பதிப்புல பாக்கலாம்ங்கறாங்க, அடுத்த பதிப்பும் அதே அட்டையோட வருது.

கடைசியா ஒன்னு, இது அச்சுக் கோக்கறவங்களுக்கு. நாள், குறிப்பு ரெண்டும் சேந்தா ள் போயி ட் வரும், நாட்காட்டி மாதிரி, ஒரே சொல்லா நாட்குறிப்புன்னுதான் போடணும். "நாள் குறிப்பு"ன்னு பிரிச்சுப் போட்டு ஒரு புஸ்தகம் எங்க வீட்டுல கெடக்குது, அத எங்க அமுச்சி, அம்மாவப் பெத்தவங்க, எடுத்துப் பாத்துட்டு "யாருக்குங் கண்ணு கல்யாணம்?"னு கேட்டாங்க. எங்க பக்கம் நாள் குறிக்கறதுன்னா ஜோசியருகிட்டப் போயி முகூர்த்தம் பாத்துட்டு வர்றது.