‘முழு நம்பிக்கை இருக்கிறது’ என்று பிரதமர் சொன்னால் என்ன அர்த்தம்?

சர்ச்சையில் மாட்டிய அமைச்சர் மீது தமக்கு முழு நம்பிக்கை இருப்பதாகப் பிரதமர் சொல்லிவிட்டார் என்று காலைப் பத்திரிகையில் செய்தி வரும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் அதைப் படிக்கும் பெரியவர் யாராவது, “அப்போ ஆள் காலி” என்பார். பல ஆட்சிகளைப் பார்த்த அனுபவம் அப்படிப் பேச வைக்கிறது. அந்த அனுபவத்துக்கு அடியில் எளிய கணக்கு ஒன்றும் இருக்கிறது.

அமைச்சரவையில் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். 5 பேரின் நாற்காலி உண்மையிலேயே ஆடுகிறது. மற்ற 25 பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நிருபர்கள் யாரைப் பற்றிக் கேட்பார்கள்? ஆடுகிற 5 பேரில் 4 பேரைப் பற்றிக் கேள்வி வரும். மற்ற 25 பேரில், ஏதோ ஒரு புரளியால், ஒருவரைப் பற்றி வரலாம். கேட்கப்பட்ட ஐவருக்கும் பிரதமர் சொல்லும் பதில் ஒன்றுதான்: முழு நம்பிக்கை. அந்தப் பதிலைப் பெற்ற ஐவரில் நால்வர் சிக்கலில் இருப்பவர்கள். அதாவது, ஓர் அமைச்சர் சிக்கலில் இருப்பதற்கான வாய்ப்பு அறிக்கைக்கு முன் ஆறில் ஒன்று, அறிக்கைக்குப் பின் ஐந்தில் நான்கு. எண்கள் நான் வைத்தவை. கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் திசை மாறாது. பிரதமர் மனதார நம்பியே சொல்லியிருக்கலாம், அப்போதும் கணக்கு இதேதான். கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதே இதில் உள்ள தகவல்.

அந்த வார்த்தைக்குத் தனி எடை ஏன் இல்லை? மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973-இல் வேலைச் சந்தையை வைத்து இதை விளக்கினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். ஓர் அறிகுறியை நாம் நம்ப வேண்டுமானால், அது உண்மையில்லாதவருக்குக் கட்டுப்படியாகாத செலவாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம்பிக்கை இருப்பதாகச் சொல்ல ஒரு சென்னும் செலவில்லை. பலமான பிரதமரும் சொல்லலாம், அடுத்த வாரமே நீக்கப் போகிறவரும் சொல்லலாம். அமைச்சரின் மசோதாவோடு தம் பதவியையும் சேர்த்துப் பணயம் வைப்பது, தமக்குக் கட்டுப்படாத ஒரு விசாரணைக் குழுவிடம் விஷயத்தை ஒப்படைப்பது போன்றவற்றுக்குத்தான் விலை உண்டு.

சரி, வார்த்தைக்கு எடை இல்லை என்றால் பேசாமல் நீக்கிவிட வேண்டியதுதானே? டோருன் டெவான், கீத் டவுடிங் இருவரும் 1945 முதல் 1997 வரையிலான பிரிட்டிஷ் அரசுகளை ஆராய்ந்தார்கள். அமைச்சரைச் சுற்றிச் சர்ச்சை கிளம்பினால் அரசின் செல்வாக்கு சரிகிறது. அவர் விலகினால் அந்தச் சரிவு ஈடுகட்டப்படுகிறது என்று 2005-இல் எழுதினார்கள். நீக்குவது பலன் தருகிறது. ஆனாலும் தலைவர்கள் முட்டுக் கொடுக்கிறார்கள்.

ஏன் என்பதற்கு மலேசியாவின் 2021 ஜூலை மாதத்தைப் பார்த்தால் போதும். 26-ஆம் தேதி சட்ட அமைச்சர் தக்கியுடின் ஹசான் மக்களவையில் எழுந்து, கோவிட் காலத்து அவசரகாலச் சட்டங்கள் 21-ஆம் தேதியிலிருந்தே ரத்தாகிவிட்டன என்றார். 29-ஆம் தேதி அரண்மனையிலிருந்து அறிக்கை வந்தது: ரத்துக்கு மாமன்னர் ஒப்புதல் தரவில்லை, சபையில் சொன்னது சரியல்ல. நாடே அதிர்ந்தது. பதவி விலகச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அன்றே பிரதமர் அலுவலகம், எல்லாம் சட்டப்படியும் அரசியலமைப்புப்படியும்தான் நடந்தது என்று பதில் அறிக்கை விட்டது.

அரசியலமைப்பின் 43(5)-ஆவது விதிப்படி, பிரதமர் ஆலோசனை சொன்னால் மாமன்னர் ஓர் அமைச்சரின் நியமனத்தை ரத்து செய்யலாம். சட்டத்தில் அவ்வளவுதான் வேலை. அரசியலில் அப்போதைய பிரதமர் முஹிடின் யாசினின் கை கட்டப்பட்டிருந்தது. தக்கியுடின் அப்போது கூட்டணியில் இருந்த பாஸ் கட்சியின் பொதுச்செயலாளர், மக்களவையில் பாஸுக்கு 18 இடங்கள். ஜூலைத் தொடக்கத்திலேயே அரசின் இன்னொரு கூட்டாளியான அம்னோ கட்சியின் தலைமை ஆதரவை விலக்குவதாக அறிவித்துவிட்டது. 222 பேர் கொண்ட சபையில் நூலிழையில் நிற்கிற அரசு, 18 பேரின் மனத்தாங்கலைத் தாங்காது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சட்டங்களை ரத்து செய்த அந்த முடிவு தனியொரு அமைச்சரின் தவறு என்று ஒப்புக்கொண்டால், அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் அடுத்த கேள்வி. அமைச்சர் இருக்கும்வரை அம்புகள் அவர் மீது பாயும். அவர் போனால் பின்னால் நிற்பவர் தெரிவார். ஆகஸ்ட் 16-ஆம் தேதி முஹிடின் விலகினார், அவரோடு அமைச்சரவையும் போனது. இஸ்மாயில் சப்ரி அமைத்த அடுத்த அமைச்சரவையில், அதே மாத இறுதியில், தக்கியுடின் வேறு துறையோடு திரும்பி வந்தார். மக்கள் தட்டிக்கேட்ட ஒரு விஷயம் இப்படிக் கரைந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆட்சி தேயத் தேய முட்டுக் கொடுப்பது அதிகமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெவானும் டேவிட் மயட்டும் 2010-இல் ஒரு கணித மாதிரியில் அதைக் காட்டினார்கள். தவறியவர்களை நீக்குவதால்தான் மற்ற அமைச்சர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நீக்கமும், பதவிக்குத் தகுதியான ஆட்களின் இருப்பில் ஒன்றைத் தின்றுவிடுகிறது. இருப்பு குறையக் குறைய, இருப்பவரை விட்டால் வேறு நல்ல ஆள் கிடைப்பது சந்தேகம் என்று தலைவர் விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறார். அது அமைச்சர்களுக்கும் தெரியும். பயம் போகிறது, வேலையும் கெடுகிறது. அதனால் நல்ல அரசுக்கும் ஓர் ஆயுள் உண்டு என்கிறார்கள். இன்னும் வியப்பானது, வெளியிலிருந்து கடுமையான அளவுகோலைத் திணித்தால் அந்த ஆயுள் குறையவும் கூடும் என்ற முடிவு. இருப்பு சீக்கிரம் காலியாகிவிடும் அல்லவா?

இருப்பு எப்படிச் சுருங்கும் என்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 2004-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வுக்கு 9 நாடாளுமன்றத் தொகுதிகள் இருந்தன. 2008-இல் மூன்றே மூன்று. 1979 முதல் கட்சித் தலைவராக இருந்த சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார். தேர்தலில் வென்ற ம.இ.கா.வினரிலிருந்து மட்டும் ஓர் அமைச்சரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், மூவரைத் தாண்டிப் பிரதமர் போக முடியாது.

அப்புறம், தேர்தலில் வெல்லாதவரையும் அமைச்சராக்க நாடாளுமன்ற மேலவை என்ற வாசல் இருக்கிறது: 70 இடங்கள், அவற்றில் 44 நியமனம், ஒரு தவணைக்கு 3 ஆண்டு. 2008-இல் கோலாலம்பூரின் லெம்பா பந்தாய் தொகுதியில் தோற்ற அம்னோவின் ஷாரிசாட், மேலவை வழியாகத்தான் மீண்டும் அமைச்சரானார். 2011 இறுதியில் அவர் குடும்பம் நடத்திய மாட்டுப் பண்ணைத் திட்டத்துக்குக் கொடுத்த 25 கோடி ரிங்கிட் அரசுக் கடன் பெரிய சர்ச்சையானது. அவர் மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 2012 ஜனவரியில் விடுப்பில் போனார். மார்ச்சில், மேலவைத் தவணை முடியும் ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அமைச்சர் பதவியை விடுவதாக அறிவித்தார். நீக்கவும் வேண்டாம், காக்கவும் வேண்டாம் என்று தலைவருக்கு ஒரு தேதி உதவியது.

இதனால்தான் அறிக்கைகளைப் படிக்கும்போது நான் ‘முழு’ என்ற அடைமொழியைக் கண்டுகொள்வதில்லை. ‘இப்போதைக்கு’, ‘விசாரணை முடியட்டும்’ என்ற சொற்கள் வருகின்றனவா, கூட்டணிக் கட்சித் தலைவர்களில் யார் இன்னும் வாய் திறக்கவில்லை, அமைச்சரின் பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று பார்க்கிறேன்.

நீக்கம் பலன் தருவதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: தவறு அமைச்சரோடு நிற்க வேண்டும். பிரிட்டனில் லிஸ் டிரஸ் 2022 அக்டோபர் 14-ஆம் தேதி நிதியமைச்சர் குவாசி குவார்டெங்கை நீக்கினார். சந்தையைக் கலங்கடித்த வரிக்குறைப்புத் திட்டமோ டிரஸ் தாமே வாக்குறுதி கொடுத்துப் பதவிக்கு வந்த திட்டம். ஆறு நாள் கழித்து அவரும் பதவி விலகலை அறிவித்தார்.