தோற்றவரும் கணக்குக் கொடுக்க வேண்டும்

சட்டமன்றத் தேர்தல் முடிந்து பல மாதம் ஆன பிறகு ஒரு தம்பி என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். சுயேச்சையாக நின்று டெபாசிட் போனவர். ஒரு கையில், தேர்தல் செலவுக் கணக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கும் தேர்தல் ஆணையத்தின் நோட்டீஸ், இன்னொரு கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. பையைக் கவிழ்த்தால் ஃப்ளெக்ஸ் பில், மைக் செட் வாடகை ரசீது, ஆட்டோக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள்.

“நான்தான் தோத்துட்டேனே சார், எனக்கு எதுக்குக் கணக்கு?” என்றார்.

இந்தக் கேள்வியை நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஜெயித்தவர், தோற்றவர், ஒரு பைசா செலவழிக்காதவர் என்ற பேதமே கிடையாது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது பெரும்பாலும் கலெக்டரிடம், கணக்குக் கொடுத்தாக வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்கத் தவறினால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2014இல் 28 லட்சம், 2020இல் 30.8 லட்சம், 2022 ஜனவரியில் 40 லட்சம் என ஏறியது. இது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் 2018இல் ரொக்கத்துக்கான வரம்பை 20,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைத்தது பலர் காதுக்கு எட்டவே இல்லை. சிறிய வேட்பாளர்கள் மாட்டுவது இதில்தான்.

அந்த 10,000 ஒரு தடவைக்கானது அல்ல. ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுக்கச் சேர்த்து அவ்வளவுதான் ரொக்கமாகக் கொடுக்கலாம். தம்பியின் ஆட்டோச் சீட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். நான்கு சீட்டு, ஒவ்வொன்றும் 4,000. தனித்தனியாகப் பார்த்தால் தப்பே தெரியாது. கூட்டினால் 16,000. வேட்புமனுவுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்க வேண்டிய தனி வங்கிக் கணக்கு அவரிடம் இருந்தது. செக் புத்தகத்தில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

மனு கொடுக்கும்போதே ஒரு பதிவேடு தருவார்கள். வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. அன்றன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள். ஏனென்றால் அதிகாரிகள் தரப்பில் நிழல் பதிவேடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கூட்டத்தை வீடியோ எடுத்து, நாற்காலியை எண்ணி, மாவட்ட விலைப்பட்டியலால் பெருக்கி வைத்திருப்பார்கள். பிரசாரக் காலத்தில் மூன்று முறையாவது இரண்டையும் ஒப்பிடுவார்கள். நீங்கள் 100 நாற்காலி என்று எழுதி, வீடியோவில் 300 இருந்தால் அங்கேயே பதில் சொல்ல வேண்டிவரும்.

கட்சிகளின் செலவுக்கு மட்டும் இன்றுவரை உச்சவரம்பு இல்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. தனி ஆளை நாற்காலிக் கணக்கில் பிடிக்கும் சட்டம், பெரிய பணம் புழங்கும் இடத்தை விட்டுவைத்திருக்கிறது.

வாக்காளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாக்கலான கணக்கை 1 ரூபாய் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் தெருவில் நடந்த கூட்டம் அதில் இருக்கிறதா என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் கைக்கு வந்த 20 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். பதினொரு நாள் ஏற்கெனவே போயிருந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததால்தான் தாமதம் என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்தோம். அந்த நான்கு சீட்டை மட்டும் வேறு பெயரில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கூடாது என்றேன். 16,000 ரொக்கம் என்றே எழுதி, ஏன் அப்படி ஆனது என்று ஒரு பக்க விளக்கமும் வைத்து, ஒவ்வொரு சீட்டிலும் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன்.