லெகாட்டோ ஏன் தாமதமாக ஒலிக்கிறது? சாம்பிள் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் முறை

கணினியில் ஆர்கெஸ்ட்ரா இசை எழுதுகிறவருக்கு இரண்டு வேலைகள். மெட்டைப் பிடிக்க வேண்டும். அதை நிஜ வாத்தியக்காரர்கள் வாசித்தது போல ஒலிக்கவும் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போனால் அடிபடுவது பெரும்பாலும் மெட்டுதான். அதற்கான காரணம் சாம்பிள் லைப்ரரி, அதாவது நிஜ வாத்திய ஒலிகளைப் பதிவு செய்து தரும் மென்பொருள், இயங்கும் விதத்திலேயே இருக்கிறது.

ஒரு செல்லோ குழுவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மென்மையாக, நடுத்தரமாக, பலமாக எனப் பல அடுக்குகளில் வாசிக்கவைத்துப் பதிவு செய்திருப்பார்கள். கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் மாட் வீல் என்ற சக்கரத்தை 0-விலிருந்து 127 வரை ஏற்றும்போது மென்மையான பதிவு மெல்ல மறைந்து பலமான பதிவு மேலே வரும். சத்தம் மட்டுமல்ல, வில் தந்தியை உரசும் அந்தக் கரகரப்பும் கூடும். மென்மையான பதிவின் வால்யூமை மட்டும் ஏற்றினால் இந்தக் கரகரப்பு கிடைக்காது.

உண்மையான சிக்கல் லெகாட்டோவில், அதாவது ஸ்வரங்களை இடைவெளியின்றி இழைத்து வாசிப்பதில். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும் அந்தக் கணத்தையே தனியாகப் பதிவு செய்து தரும் வழக்கத்தை 2000-களின் தொடக்கத்தில் வியன்னா சிம்பொனிக் லைப்ரரி பரவலாக்கியது. அந்த இழைவுக்கு நேரம் பிடிக்கும். கட்டையை அழுத்தியதும் முதலில் இழைவு ஒலித்து, அதன் பிறகே புது ஸ்வரம் வந்து சேரும். சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் என்ற லைப்ரரியில் மெதுவாக அழுத்தினால் 333 மில்லிசெகண்ட், நடுத்தரமாக அழுத்தினால் 250, வேகமாக அழுத்தினால் 100. நிமிடத்துக்கு 120 தட்டு டெம்போவில் அரைத் தட்டின் நீளமே 250 மில்லிசெகண்ட்தான். தாளத்தோடு சரியாக வாசித்தாலும் காதில் அரைத் தட்டு பிந்தித்தான் கேட்கும். கை அதைச் சரிக்கட்ட முந்தப் பார்க்கும், மெட்டு தடுமாறும்.

அதனால் எழுதும்போது லெகாட்டோவைத் தொடவே வேண்டாம். அழுத்தியதும் ஒலிக்கும் சாதாரண நீள்ஸ்வர பேட்ச்சுகள் (லைப்ரரியில் தேர்ந்தெடுக்கும் ஒலிகள்) ஏழெட்டு ட்ராக்கில் இருந்தால் போதும்: மேல் ஸ்ட்ரிங்ஸ், கீழ் ஸ்ட்ரிங்ஸ், மரக்காற்று வாத்தியங்கள், ஹார்ன், மற்றப் பித்தளை வாத்தியங்கள், டிம்பனி, ஹார்ப், ஒரு பியானோ. ஆடியோ பஃபரை, அதாவது கணினி ஒலியை வெளியே விடும் முன் சேர்த்துவைக்கும் அளவை, 256 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 5.3 மில்லிசெகண்ட், விரல் உணராது. எழுதி முடித்து மெருகேற்றும்போது 1024-க்கு உயர்த்தலாம், கணினி மூச்சுவிடும்.

ஆனால் முழுப் பாட்டையும் முடித்த பிறகுதான் நிஜ ஒலியைக் கேட்பது என்பதும் ஆபத்து. எட்டு பார் எழுதியதும் முதன்மை மெட்டை மட்டும் லெகாட்டோ பேட்ச்சில் போட்டுக் கேளுங்கள். புல்லாங்குழலுக்கு மூச்சுவிட இடமில்லை, வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே ஸ்வரம் போகிறது என்பவை அப்போதே தெரிந்துவிடும். இவை இசை எழுதியதில் உள்ள பிழைகள். மெருகு எதையும் மூடாது.

மெருகேற்றும் கட்டத்தில் லெகாட்டோ ஸ்வரங்களை, அழுத்திய வேகத்துக்கேற்ப, மேலே சொன்ன லைப்ரரியில் 100, 250 அல்லது 333 மில்லிசெகண்ட் முன்னால் தள்ள வேண்டும். ட்ராக் முழுவதையும் ஒரே அளவில் தள்ளினால் பாதி ஸ்வரங்கள் முந்திவிடும். வாக்கியத்தின் முதல் ஸ்வரத்துக்கு இழைவே இல்லை, எனவே அதை இவ்வளவு தள்ளக் கூடாது. அடுத்தடுத்த ஸ்வரங்கள் சற்று மேல்படிந்திருக்க வேண்டும். இடைவெளி விட்டால் இழைவு ஒலிக்காது. தள்ளுவதற்கு முன் தாளக் கட்டத்தில் இருக்கும் பிரதியை மௌனமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நொட்டேஷன் எடுக்க அதுதான் உதவும்.

பிறகு மாட் வீல். நீளமான ஒரு ஸ்வரம் 45-இல் தொடங்கி 80-க்கு ஏறி 50-க்கு இறங்கினால் அதில் வில்லின் அசைவு தெரியும். நேர்கோடாக விட்டால் ஆர்கன்தான். தனி வாத்தியத்தில் இரண்டு அடுக்குகள் கலக்கும் இடத்தில் அப்படியே நின்றால் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

இவ்வளவு உழைப்பு முதன்மை மெட்டுக்கும் அதன் எதிர்மெட்டுக்கும்தான் தேவை. உள்ளே நிற்கும் வயோலாவுக்கு மாட் வீலில் ஒரு வளைவு போட்டாலே போதும். 16 வயலின் பேட்ச்சில் மூன்று ஸ்வரக் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்தால் 48 வயலின் ஆகிவிடும், அதை மட்டும் பிரித்து எழுதுங்கள். குட்டை ஸ்வரங்களுக்கு ரவுண்ட் ராபின் (ஒரே ஸ்வரத்தின் பல பதிவுகள் மாறி மாறி வருவது) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத் துப்பாக்கி போல ஒலிக்கும்.

லைப்ரரிக்கு வராத இடங்களும் உண்டு. வேகமான வயலின் ஓட்டம் அதில் ஒன்று. அங்கே பலரும் மெட்டை மாற்றி, லைப்ரரி அழகாக ஒலிக்கும் நீண்ட கார்டுகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இசை ஏழையாவது இப்படித்தான். ஓட்டத்தைக் குட்டை ஸ்வர பேட்ச்சிலும் லெகாட்டோவிலும் சேர்த்து வாசிக்கவிட்டு, மேலே ஒரு தனி வயலினைக் குறைந்த சத்தத்தில், 6 முதல் 10 டெசிபெல் கீழே வைத்துப் பாருங்கள். ஸ்வரங்களின் விளிம்பைத் தனி வயலின் கொடுக்கும், உடம்பைக் குழு கொடுக்கும்.