முதுகெலும்பு உள்ள உயிரைத் தூக்கும் முன்

மீன், தவளை, பாம்பு, பறவை, பாலூட்டி என்று கால்நடை மருத்துவர்களான எங்களிடம் வருகிற உயிர்கள் அநேகமாக எல்லாமே முதுகெலும்பு உள்ளவைதான். அது ஒற்றை எலும்பு அல்ல, வரிசையாக அடுக்கிய சின்னச் சின்ன முள்ளெலும்புகள். அவற்றின் உள்ளே ஓடுகிற தண்டுவடம்தான் மூளையின் கட்டளையைக் கால்களுக்கும், காலின் வலியை மூளைக்கும் கொண்டுபோகிறது. அதனால் முதுகில் பட்ட அடி எலும்போடு நிற்பதில்லை.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் சரி, எலியின் கழுத்திலும் சரி, முள்ளெலும்புகள் 7தான். பாம்புக்கு உடல் நெடுக 200 முதல் 400 வரை இருக்கும். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் அந்த நீண்ட தண்டுக்கே கேடு.

ஆமையின் ஓட்டை வெறும் மூடி என்று பலர் நினைக்கிறார்கள். முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாக இணைந்து உருவான உயிருள்ள எலும்பு அது. தொட்டால் ஆமைக்குத் தெரியும். கயிறு கட்ட அதில் துளை போடுவது கொடுமை. ஓடு விரிசல் விட்டால் அது எலும்பு முறிவு. பசை போட்டு ஒட்டாதீர்கள், கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

முயல் வளர்ப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அதன் எலும்புகள் மிக லேசானவை, பின்னங்கால் தசைகளோ வலுவானவை. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் பயந்து உதைக்கும். கீழே விழவே வேண்டாம், அந்த உதையிலேயே முதுகு முறிந்துவிடலாம். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்கட்டும்.

டாஷ்ஹண்ட் மாதிரி நீள உடல், குட்டைக் கால் நாய்களுக்கு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல உள்ள வட்டு (டிஸ்க்) சிறு வயதிலேயே கெட்டிப்பட்டு, பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தலாம். பின்னங்கால் தள்ளாடினால் "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று தயவுசெய்து இருக்காதீர்கள். நாயின் கால்விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாத நிலைக்குப் போய்விட்டால், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நாய் எழுந்து நடக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

சரி, வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் நாயையோ பூனையையோ என்ன செய்வது? காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பலகையோ கெட்டி அட்டையோ பக்கத்தில் வைத்து, தலையும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி மெல்ல அதன்மேல் நகர்த்துங்கள். வலி வந்தால் நமக்குப் பழகிய நாயும் கடிக்கும், கவனம். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும். தண்ணீரும் சோறும்கூட வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். கிளம்பும்போதே மருத்துவமனைக்கு போன் செய்துவிடுங்கள், அங்கே தயாராக இருப்பார்கள்.