மலையில் அடக்கிய சிறுநீரும் இரவில் விழுங்கும் மாத்திரையும்

இலங்கையின் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காலைப் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலையேறும் பெண்களில் பலர், விடியற்காலையில் குடித்த தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, பகல் நிறுவை வரை வாயை நனைப்பதேயில்லை. மலையில் மறைவிடம் இல்லை. குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி ஏறினால் அந்த நேரத்துக் கொழுந்து போய்விடும். அப்படிக் குடியாமல் இருந்தும் சிலருக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. லயத்து வாசலை எட்டுமுன் இடுப்பில் கட்டிய படங்குக்குள்ளேயே சொட்டியும் விடுகிறது. குளிரும் இதில் கொஞ்சம் பங்கு வகிக்கிறது: தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்தம் உள்ளுறுப்புகளின் பக்கம் திரள, சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியேற்றும். ஆனால், பாதிகூட நிறையாத சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டதாக உணரப்படுவதற்கு வேறு காரணம் வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலீட்டர் கொள்ளும். 150 முதல் 200 மில்லிலீட்டர் அளவில் முதல் உணர்வு எழும். அந்த உணர்வை எழுப்புவதில் பையின் உட்படலத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. நீர் சேர்ந்து சுவர் இழுபடும்போது, அப்படலத்தின் கலங்கள் ஏடிபி என்ற பொருளையும் புரொஸ்டகிளாண்டின் ஈ2 என்ற பொருளையும் சுரக்கின்றன. இவை அருகிலுள்ள உணர்வு நரம்பு நுனிகளைத் தூண்ட, செய்தி முள்ளந்தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. புரொஸ்டகிளாண்டினின் வேலை, நரம்பு எந்த அளவில் விழித்துக்கொள்ள வேண்டும் என்ற வரம்பைக் குறைப்பது. அது மிகுந்தால், சிறிது நீருக்கே நரம்பு கூச்சலிடும்.

புரொஸ்டகிளாண்டின் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1930களில் சுவீடனின் உல்ஃப் வொன் ஒய்லர் இப்பொருளை விந்துநீரில் கண்டு, அது புரொஸ்டேட் சுரப்பியில் ஊறுவதாக நினைத்து இப்பெயரைச் சூட்டினார். உடலின் ஏறக்குறைய எல்லா இழையங்களும் அதை ஆக்குகின்றன என்பது பிறகுதான் தெரியவந்தது. பிழையான பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

சிறுநீர்த் தொற்று வந்தால் இந்தச் சுரப்பு கட்டுக்கடங்காது. குடலிலிருந்து வரும் ஈ.கோலை பற்றீரியா பையின் சுவரில் ஒட்டிக்கொள்ள, அழற்சியில் கொக்ஸ்-2 என்னும் நொதியம் பெருகுகிறது. அது கலமென்சவ்வின் கொழுப்பமிலத்திலிருந்து புரொஸ்டகிளாண்டினை வார்க்கிறது. நீரைக் குறைத்து, நெடுநேரம் அடக்கும்போது பற்றீரியா கழுவுண்டு போவதில்லை. அடக்குவதற்காகக் குடியாமல் இருப்பதே அடக்கமுடியாமைக்கு வழிதிறந்துவிடுகிறது.

இனி, முதுகுவலிக்கு இரவில் விழுங்கும் டைக்ளோபெனெக் மாத்திரைக்கு வருவோம். அஸ்பிரின் வகை மருந்துகள் புரொஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்பதை 1971இல் பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் காட்டினார். 1982இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியானால் அவ்வகையைச் சேர்ந்த டைக்ளோபெனெக்கால் சிறுநீர் அவசரமும் அடங்குமே என்று தோன்றும். அதே வகை இண்டோமெதசின் முதலியவற்றை மருத்துவர்கள் இதற்காகப் பரிசோதித்துச் சிலரிடம் பலனும் கண்டார்கள். ஆனால் அது பரவலான சிகிச்சையாகவில்லை. இரைப்பையின் சளிப்படலத்தைக் காப்பதும், உடல் வறண்டிருக்கையில் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்ப்பதும் புரொஸ்டகிளாண்டின்களே. பகல் முழுவதும் தண்ணீர் குடியாமல் மலையில் நின்றவர் இரவில் அந்த மாத்திரையை விழுங்கும்போது, சிறுநீரகம் எதை நம்பியிருக்கிறதோ அதையே பறித்துவிடுகிறார். எனக்கு இதுதான் அவசரத்தைவிடப் பெரிய கவலை.

நரம்பு நுனியில் புரொஸ்டகிளாண்டின் பற்றிக்கொள்ளும் ஏற்பியை மட்டும் அடைக்கும் மருந்தும் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஏடிபியும், நரம்புச் செய்திப்பொருளான அசெற்றைல்கோலினும் தம் வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே இன்று மருத்துவர்கள், தொற்று இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு, நேரம் வைத்துப் பையைப் பழக்குவதையும், தேவையானால் பையின் தசையைத் தளர்த்தும் ஒக்சிபியூட்டினின், மிராபெக்ரோன் போன்ற மருந்துகளையும் நாடுகிறார்கள்.

எல்லாச் சொட்டுக்கும் புரொஸ்டகிளாண்டின் பொறுப்பல்ல. நிறுவையில் கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போதும் இருமும்போதும் கசிவது, பிள்ளைப்பேற்றில் தளர்ந்த இடுப்படித் தசைகளால். அவற்றை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் செய்வதுதான் அதற்கு முதல் சிகிச்சை. அதனால்தான் மருத்துவர் மருந்தெழுதுமுன் கேட்கிறார்: முட்டிக்கொண்டு வந்தபின் சொட்டுகிறதா, சாக்கைத் தூக்கும்போது சொட்டுகிறதா?